அரை றாத்தல்

இரணைப்பாலையில் என் போறணைக்கு ஒரு வாய்.
ஒரு தடவைக்கு நாற்பத்திரண்டு றாத்தல் போகும்,
மா இருந்தால்.

காஸ் இல்லாத, டீசல் இல்லாத அந்த வைகாசியில்
புதுக்குடியிருப்புப் பேக்கரிகள் பூட்டிக் கிடக்க
பாலைக் கட்டையும் பனைமட்டையும் தின்று
இது மட்டும் புகைந்துகொண்டிருந்தது.

நான் எண்ணுகிறவள்.
பங்கர் வாசலில் தொடங்கிய பழக்கம்:
எத்தனை பேர் உள்ளே,
எத்தனை பேர் இன்னும் வரவில்லை.
பிறகு அது நிற்கவேயில்லை.
மூட்டை எண்ணுவேன், தட்டு எண்ணுவேன்,
செபமாலை உருட்டும்போதும்
விரலில் கடன்காரர் வருவார்கள்.

அதனால்தான் ஒரு மூட்டையைக்
கட்டிலுக்குக் கீழே ஒளித்தேன்.
ஆண்டவரில் நம்பிக்கை இருந்தது.
லொறிக்காரரில் இல்லை.

மூன்றாம் கிழமை பிரித்தால்
வண்டு.
வனாந்தரத்தில் மன்னாவைப் பதுக்கியவர்களுக்கும்
இதுதான் நடந்ததாம்.
பூசையில் வாசிக்கக் கேட்டு
விசரர்கள் என்று நினைத்திருக்கிறேன்.
அவர்களும் எங்கேயோ பட்டினி கிடந்தவர்கள்
என்பது அந்த இரவுதான் விளங்கியது.

விடியும்வரை அரித்தேன்.
ஐந்து அப்பத்தை மகனிடம் கொடுத்தனுப்பிய
அந்தத் தாயை நினைத்துக்கொண்டு அரித்தேன்.
ஐயாயிரம் பேர் என்று எழுதினார்கள்,
பன்னிரண்டு கூடை என்று எழுதினார்கள்,
மாப் பிசைந்தவள் பேர் ஒருவருக்கும் தெரியாது.
அவளுக்கும் எங்காவது கொப்பியில் கணக்கிருந்திருக்கும்.
வெறுங்கையோடு வந்த பெடியனுக்கு
நல்லாய் ஏசியிருப்பாள்.

அன்று தேறியது முப்பத்தொரு றாத்தல்.
ஆளுக்கு அரை.
அறுபத்தோராவது ஆள் ஐஸ்பெட்டி ஜவாத் நானா.
மிச்ச அரை எனக்கு.
பேப்பரில் சுற்றி மேசைக்குக் கீழே வைத்தேன்.

அப்போது வந்தான்,
காம்ப் பக்கமிருந்து, சைக்கிளில்.
சீருடை இல்லை;
ஒட்ட வெட்டிய தலை காட்டிக்கொடுத்தது.
"அக்கே, பாண் தியெனவத?"
இருபது வயதிருக்கும்.
அந்த வருஷம் ஏழு வயதாயிருந்திருப்பான்.
அதையும் எண்ணினேன்.

காசைப் பிடித்த கை மேசையில் இருந்தது.
நகத்துக்குள் மிளகாய்த் தோட்டத்து மண்.

எங்கள் அன்றாட உணவை
இன்று எங்களுக்குத் தாரும்.
ஐம்பது வருஷமாய்ச் சொல்லும் செபம்
அன்றைக்கு ஒரு சொல்லில் இடறியது.
எங்களுக்கு.
எதிரே நிற்கிறவரை
வெளியே விட்டுச் சொல்கிற சொல்.
இவனை விட்டா?
உம்மையும் விட்டா, ஆண்டவரே?
கல்லறையைவிட்டு எழும்பி வந்தும்
தின்ன ஏதும் இருக்கா என்று கேட்டவரல்லவா நீர்.

நமக்கு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
இனிக்கவில்லை.
சுவரிலிருந்து தம்பி எமிலியானின் படம்
பார்த்துக்கொண்டேயிருந்தது.

கத்தியை எடுத்து அரையைக் காலாக்கினேன்.
முழுதும் கொடுத்தேன் என்று சொல்ல ஆசைதான்.
கொடுக்கவில்லை. கால்தான்.
காசு வாங்கினேன்,
மிச்சத்தையும் சரியாய்க் கொடுத்தேன்.
அவன் வேம்பின் கீழே நின்று தின்றான்.
நான் உள்ளே நின்று தின்றேன்.
இடையிலே கதவு. சாத்தவில்லை.

அன்றிரவு செபத்தில் ஒளிவுமறைவு வைக்கவில்லை:
கோதுமை லொறி, நாளைக்கு, ஆறு மணிக்குள்.
விடிந்தது.
லொறி வரவில்லை.

ஏழரைக்கு வள்ளிநாயகி,
நெற்றியில் ஈரம் காயாத திருநீறு,
இடுப்பில் சுளகு நிறையக் குரக்கன் மா.
"இது பாணாகுமோ அக்கா?"
"ஆகாது," என்றேன்.
சுளகை இறக்கி வைத்தாள்.
"ரொட்டியாகும்."

ஜவாத் நானா இரண்டு தேங்காயோடு வந்தார்,
யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது.
"உப்பு?" என்றாள் வள்ளிநாயகி.
உப்பு என்னிடம் இருந்தது.